குப்பை எரிமின் நிலையத்தில் மின் அமைப்புகளின் கமிஷனிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரக் குப்பையை எரித்து, அந்த வெப்பத்தில் நீராவி எடுத்து, டர்பைன் ஓட்டும் ஆலைகளில் மின் பக்க வேலைக்குப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். பிளாக் அவுட் டெஸ்ட் (வெளி மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்கும் சோதனை) மாதிரி சிலவற்றுக்கு அப்படி முடியாது.

எரெக்‌ஷன் முடிந்த பிறகு கமிஷனிங் என்று தனியாக என்ன இருக்கிறது?

பேனலை நிறுத்தி, கேபிள் இழுத்து, டெர்மினேஷன் முடிப்பது எரெக்‌ஷன். அந்தப் பேனலின் ரிலே (பழுதைக் கண்டு உத்தரவு கொடுக்கும் கருவி) நிஜமான பழுது வரும்போது சரியான பிரேக்கரை (மின்பாதையைத் துண்டிக்கும் சுவிட்சை) சரியான நேரத்தில் திறக்கும் என்று காட்டுவது கமிஷனிங். தயாரித்த இடத்திலேயே சோதனை முடித்துத்தான் பேனலை அனுப்பியிருப்பார்கள். ஆனால் அங்கே பேனல் தனியாக இருந்தது. பக்கத்துப் பேனலுக்கும் டிசிஎஸ்ஸுக்கும் (ஆலையின் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பு) டர்பைன் கவர்னருக்கும் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) போகும் வயர்கள் சைட்டில்தான் முதன்முறையாகச் சேர்கின்றன. தப்பு வருவதும் பெரும்பாலும் அந்தச் சேருமிடங்களில்தான்.

முதல் கட்டத்தில் நெருப்பு இல்லாமல் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகச் சோதிக்கிறோம். அதைக் கோல்ட் கமிஷனிங் என்பார்கள். பர்னர் பற்றவைத்து, நீராவி எடுத்து, கடைசியில் குப்பையோடு ஓட்டுவது ஹாட் கமிஷனிங்.

நிலக்கரி நிலையத்தில் அனுபவம் இருக்கிறது. இங்கே புதிதாக என்ன கற்க வேண்டும்?

பிரேக்கர், டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர் எல்லாம் அங்கே பார்த்தவைதான், அளவில்தான் சிறியவை. நெருப்புதான் வேறு. தூளாக்கிய நிலக்கரியை எரிக்கும் கொதிகலனில் எரிபொருளை நிறுத்தினால் சில நொடிகளில் தீ அணைந்துவிடும். இங்கே கிரேட் என்னும் உலைத் தட்டின் மேல் குப்பை சுமார் ஒரு மணி நேரம் கிடந்து எரிகிறது. விறகடுப்பு மாதிரிதான்: வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும் போட்ட விறகு எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரம் முழுவதும் கொதிகலனுக்குத் தண்ணீர் வேண்டும், புகையை வெளியே இழுக்க விசிறி வேண்டும், பை வடிகட்டி கருகாமல் இருக்கப் புகை குளிர வேண்டும். மூன்றுக்கும் மின்சாரம் தேவை.

அதனால் இந்த ஆலையில் கமிஷனிங் வரிசையையே கொஞ்சம் மாற்றி யோசிக்க வேண்டும். மின்சாரம் உற்பத்தி செய்யும் பாதையைவிட, மின்சாரம் போனால் ஆலையைக் காப்பாற்றும் பாதை முதலில் நிரூபணம் ஆக வேண்டும். நிர்வாகத்துக்கு ஜெனரேட்டர் சின்க்ரனைஸ் ஆகும் (கிரிட்டோடு, அதாவது வெளி மின்கட்டமைப்போடு, ஒத்திசைந்து இணையும்) தேதிதான் பெரிய தேதி. மின் குழுவுக்குப் பெரிய தேதி முதல் லோடு குப்பை கிரேட்டில் விழும் தேதி. அதற்குள் டீசல் செட், யுபிஎஸ், பேட்டரி மூன்றும் முழுமையாகத் தேறியிருக்க வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குப்பையின் எரிதிறன் லாரிக்கு லாரி மாறும். மழையில் நனைந்தது ஒரு மாதிரி, பிளாஸ்டிக் அதிகம் உள்ளது வேறு மாதிரி. நீராவி ஏறி இறங்க, ஜெனரேட்டர் லோடும் கூடவே ஆடும். ஏவிஆர் (ஜெனரேட்டர் வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் கருவி) ட்யூனிங், பவர் ஃபேக்டர் கட்டுப்பாடு எல்லாவற்றையும் அந்த ஆட்டத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நிலையான லோடில் அழகாக நிற்பது இங்கே பெரிய விஷயமில்லை.

எந்த வரிசையில் தொடங்குவது?

எர்த்திங் முதலில். மண்ணுக்கடியில் போவதை மூடுவதற்கு முன்பே ஜாயின்ட்டுகளைப் பார்த்துப் படம் எடுத்து வைக்க வேண்டும், பிறகு தோண்ட யாரும் விட மாட்டார்கள். அடுத்து பேட்டரியும் டிசி பேனலும். டிசி இல்லாமல் ரிலே உயிர்பெறாது, பிரேக்கர் டிரிப் ஆகாது, ஆகவே அதற்கு முன்னால் எந்த ஹெச்டி (உயர் மின்னழுத்தப்) பேனலையும் சார்ஜ் செய்யக் கூடாது, அதாவது மின்சாரம் ஏற்றக் கூடாது. அப்புறம் கிரிட்டிலிருந்து மின்சாரத்தை உள்ளே எடுக்கும் பேக் சார்ஜிங்: மெயின் டிரான்ஸ்பார்மர், ஆக்ஸிலரி டிரான்ஸ்பார்மர், ஹெச்டி பேனல், எல்டி (தாழ் மின்னழுத்தப்) பேனல் என்று மேலிருந்து கீழே. யுபிஎஸ், டீசல் செட். அதன் பிறகு மோட்டார்கள். ஜெனரேட்டர் கடைசி.

வழக்கமாக இடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. உலைக்குள் பூசிய ரிஃப்ராக்டரியை (வெப்பம் தாங்கும் பூச்சை) மெல்ல மெல்லச் சூடேற்றி உலர்த்துவார்கள். பல நாள் இடைவிடாமல் நடக்கும் வேலை அது. விசிறியும் பர்னரும் நடுவில் நின்றால் சூட்டின் ஏற்றக்கணக்கு கெட்டு, பூச்சில் விரிசல் விழலாம். மின் குழு இன்னும் "டெஸ்டிங்கில்" இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக்கல் குழுவுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் தடையில்லா மின்சாரம் தேவைப்பட ஆரம்பித்துவிடும். இந்தத் தேதியை அட்டவணையில் முன்கூட்டியே குறித்து வைப்பது நல்லது.

பேட்டரிக்குச் சார்ஜர் வோல்டேஜ் வந்தால் போதாதா?

போதாது. டிஸ்சார்ஜ் டெஸ்ட் (லோடு கொடுத்துப் பேட்டரியை இறக்கிப் பார்ப்பது) எடுத்தே ஆக வேண்டும். 110 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியில் 55 செல் இருந்தால், ஒரு செல்லுக்கு 1.75 வோல்ட் கடைசி வரம்பு என்று வைத்தால் மொத்தம் சுமார் 96 வோல்ட். அந்த வோல்டேஜிலும் பிரேக்கர் காயில் இழுக்கிறதா, டர்பைனின் டிசி லூப் ஆயில் (மசகு எண்ணெய்) பம்ப் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி அறையில் அளந்தால் நன்றாகத்தான் காட்டும். பம்ப் இருப்பது நூறு மீட்டர் தள்ளி. கேபிளில் எவ்வளவு விழுகிறது என்பதை பம்ப் டெர்மினலில், அது ஸ்டார்ட் ஆகும் நொடியில் அளக்க வேண்டும்.

மெகர் (இன்சுலேஷன் தடை) மதிப்பு எவ்வளவு வந்தால் சரி?

ஐஇஇஇ 43 தரம் சொல்வது: ஃபார்ம் வூண்ட் (முன்பே வடிவமைத்த சுருள்) வகை நவீன வைண்டிங்குக்கு ஒரு நிமிட மதிப்பு, 40 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திய பிறகு, குறைந்தது 100 மெகாஓம். ஒரு கிலோவோல்ட்டுக்குக் கீழான சாதாரண எல்டி மோட்டாருக்கு 5 மெகாஓம். பத்தாவது நிமிட மதிப்பை முதல் நிமிட மதிப்பால் வகுத்தால் வரும் போலரைசேஷன் இண்டெக்ஸ், பி, எஃப், ஹெச் வகை இன்சுலேஷனுக்கு 2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். முதல் நிமிடத்திலேயே 5,000 மெகாஓமைத் தாண்டிவிட்டால் இந்த விகிதத்துக்கு அர்த்தம் கிடையாது. விகிதம் 1.3 வந்ததைக் கண்டு பயந்து நல்ல மோட்டாரைச் சூடேற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வெப்பநிலையைக் குறிக்காத மெகர் ரிப்போர்ட்டை நான் வாங்க மாட்டேன். அடுத்த வருடம் அதோடு எதையும் ஒப்பிட முடியாது.

புதிய எக்ஸ்எல்பிஇ (பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிளுக்கு டிசி ஹைபாட் (உயர் வோல்டேஜ் சோதனை) செய்யலாமா?

வேண்டாம். டிசி கொடுத்தால் இன்சுலேஷனில் மின்னூட்டம் தேங்கும், பிறகு ஏசி ஏற்றும்போது கேபிளைப் பாதிக்கும். பல பழுதுகளை அது காட்டிக்கொடுப்பதுமில்லை. விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண் ஏசி) சோதனை போதும். ஐஇசி 60502-2 அனுமதிக்கும் முறைகளில் ஒன்று: 0.1 ஹெர்ட்ஸில், கட்டத்துக்கும் (ஃபேஸ்) நிலத்துக்கும் இடையிலான வோல்டேஜைப் போல மூன்று மடங்கு, 15 நிமிடம். 11 கிலோவோல்ட் கேபிளுக்கு அது சுமார் 19 கிலோவோல்ட். முடித்ததும் கேபிளை எர்த் செய்து வைக்க மறக்கக் கூடாது.

டிரான்ஸ்பார்மரை முதலில் சார்ஜ் செய்தவுடன் டிஃபரென்ஷியல் (இரு பக்க மின்னோட்டத்தை ஒப்பிடும் ரிலே) டிரிப் ஆகிறது. பழுதா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். சார்ஜ் செய்யும் நொடியில் டிரான்ஸ்பார்மர் அதன் மதிப்பீட்டு மின்னோட்டத்தைப் போல எட்டு, பத்து மடங்குகூட இழுக்கும். அந்த இன்ரஷ் ஒரு பக்கம் மட்டும் பாய்வதால் ரிலேவுக்கு உள்பழுது போலவே தெரியும். அதில் இரண்டாம் ஹார்மோனிக் (இரு மடங்கு அதிர்வெண் கூறு) அதிகம் இருப்பதை வைத்துத்தான் ரிலே அடையாளம் கண்டு தடுத்துக்கொள்கிறது. வழக்கமான செட்டிங் சுமார் 15 சதவீதம். ரிலேவின் அலைவடிவப் பதிவை இறக்கிப் பாருங்கள். இன்ரஷ்தான் என்றால் பதிவே சொல்லும்.

பதிவைப் பார்க்காமல் ரிலேவை ரீசெட் செய்து மறுபடி சார்ஜ் செய்வதுதான் ஆபத்து. புக்கோல்ஸும் (எண்ணெயில் எழும் வாயுவை உணரும் ரிலே) பிரஷர் ரிலீஃபும் இயங்கியிருந்தால் அது இன்ரஷ் இல்லை. எண்ணெய்ச் சாம்பிள் எடுக்காமல் பக்கத்திலேயே போக வேண்டாம்.

சிடி (மின்னோட்டத்தை அளக்கும் கரன்ட் டிரான்ஸ்பார்மர்) சர்க்யூட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

இரண்டு காரணம். முதலாவது உயிர்பயம். லோடு ஓடும்போது சிடியின் செகண்டரி (ரிலே பக்கச் சுருள்) திறந்துகிடந்தால் அதன் முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும். டெஸ்ட் பிளாக்கில் ஷார்ட்டிங் லிங்க்கைத் திரும்ப மாற்ற மறந்ததாலும், ஒரே ஒரு லூஸ் டெர்மினலாலும் பேனல் எரிந்த கதைகள் இந்தத் தொழிலில் எல்லா இடத்திலும் உண்டு.

இரண்டாவது, தலைகீழாக மாட்டிய சிடி அமைதியாக இருக்கும். எதுவும் டிரிப் ஆகாது, மீட்டர்கூட ஒழுங்காகக் காட்டும். லோடு ஏறிய பிறகோ வெளியே எங்கோ பழுது வந்தபோதோதான் டிஃபரென்ஷியல் தேவையில்லாமல் டிரிப் ஆகும். இதைப் பிடிக்க ஸ்டெபிலிட்டி டெஸ்ட் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் ஒரு பக்கம் ஷார்ட் செய்து, மறுபக்கம் சாதாரண மூன்று கட்ட 415 வோல்ட்டைக் கொடுத்தால் சிறிய மின்னோட்டம் பாயும். இரண்டு பக்கச் சிடிகளும் சரியென்றால் ரிலேவின் டிஃபரென்ஷியல் அளவு சுழிக்கு அருகில் நிற்கும். அப்புறம் வேண்டுமென்றே ஒரு சிடியைத் தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும், அளவு எழ வேண்டும். எழவில்லையென்றால் முதலில் வந்த சுழியே பொய், ரிலேவுக்கு மின்னோட்டம் போய்ச் சேரவே இல்லை என்று பொருள்.

செகண்டரி இன்ஜெக்‌ஷன் (ரிலேவுக்கு நேரடியாக மின்னோட்டம் கொடுக்கும் சோதனை) ரிப்போர்ட் கட்டுக் கட்டாக இருக்கும். அது ரிலே நல்லது என்று மட்டும்தான் சொல்லும். சிடியிலிருந்து ரிலே வரைக்கும் உள்ள வயரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கால அவகாசம் நெருக்கும்போது எதையாவது குறைத்தே ஆக வேண்டுமென்றால், சிடி வழியாகவே மின்னோட்டம் செலுத்தும் பிரைமரி இன்ஜெக்‌ஷனையும் ஸ்டெபிலிட்டி டெஸ்ட்டையும் தொடாதீர்கள்.

மோட்டார் சுழலும் திசையில் என்ன குழப்பம் வர முடியும்?

விஎஃப்டி (வேகத்தை மாற்றும் டிரைவ்) உள்ள மோட்டாரில் வரும். டிரைவ் தன் வெளியீட்டுக் கட்ட வரிசையைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. உள்ளே வரும் கட்ட வரிசை எப்படியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. டிரைவில் ஓடும்போது திசை சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பின்னொரு நாள் டிரைவ் பழுதாகி நேரடி பைபாஸில் போடும்போது மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். பைபாஸ் இருக்கும் ஒவ்வொரு மோட்டாருக்கும் இரண்டு முறையிலும் திசை பார்க்க வேண்டும்.

புகையை இழுக்கும் ஐடி விசிறியில் இது இன்னும் வஞ்சகமானது. மையவிலக்கு விசிறி எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், என்ன, குறைவாகத் தள்ளும். உலையில் இழுவை போதவில்லை என்று டாம்பரையும் டக்ட்டையும் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்.

பெரிய டிரைவ் மோட்டார்களில் பேரிங் மின்னோட்டமும் உண்டு. இன்சுலேட்டட் பேரிங், ஷாஃப்ட் எர்த்திங் பிரஷ், சுற்றிலும் 360 டிகிரி பிடிக்கும் கேபிள் கிளாண்ட் மூன்றும் படத்தில் இருக்கும். சைட்டில் இருக்கிறதா என்று கிளாண்டைத் திறந்து பாருங்கள். ஷீல்டை முறுக்கி வால் மாதிரி எர்த் போல்ட்டில் கட்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

குப்பைக் குழி கிரேனை எப்போது தயாராக்க வேண்டும்?

நினைப்பதைவிட முன்னதாக. முதல் குப்பைத் தீக்குச் சில வாரங்களுக்கு முன்பே லாரிகள் வந்து குழியை நிரப்பத் தொடங்கும். கிரேன் இல்லாமல் குப்பையைக் கலக்கவோ, வாயிலிலிருந்து அகற்றவோ முடியாது. கலக்காமல் குவிந்த குப்பை சூடாகித் தானே புகையும்.

லோடு டெஸ்ட்டில் நிலையாக 125 சதவீதம், அசைவில் 110 சதவீதம் என்பது பொது நடைமுறை. மின் பக்கம் கவனிக்க வேண்டியது லிமிட் சுவிட்சுகள், இரண்டு கிரேன் மோதாமல் தடுக்கும் சென்சார்கள், ஹாப்பருக்கு (உலைக்குக் குப்பை போகும் வாய்க்கு) மேலே மெதுவாகப் போக வைக்கும் மண்டலம். கிரேன் டிரைவ் பளுவை இறக்கும்போது மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வகை என்றால் ஒரு எச்சரிக்கை: அந்தக் கிரேனை டீசல் பஸ்ஸில் (டீசல் செட் ஊட்டும் மின்பாதையில்) வைத்திருந்தால், லோடு குறைந்த நேரத்தில் திரும்பி வரும் சக்தி டீசல் செட்டை ரிவர்ஸ் பவரில் டிரிப் ஆக்கக்கூடும். டீசலில் ஓட்டியபடி கிராப்பை (கிரேனின் கவ்வியை) நிறையப் பளுவோடு இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பிளாக் அவுட் டெஸ்ட் கட்டாயமா? எப்படி எடுப்பது?

கட்டாயம். ஒரு தடவை போதாது, மூன்று கட்டமாக எடுப்பது நல்லது. முதலில் நெருப்பே இல்லாமல், முடிந்த அளவு மோட்டார்களை ஓட்டிக்கொண்டு. பிறகு துணைப் பர்னர் எரியும்போது. கடைசியாகக் குப்பை எரியும்போது, கொதிகலன் குழுவும் டர்பைன் குழுவும் கட்டுப்பாட்டு அறையில் இருக்க. முதல் இரண்டும் தேறாமல் மூன்றாவதைத் தொடுவது சரியில்லை.

செய்முறை எளிது. இன்கமிங் பிரேக்கரைத் திறக்க வேண்டியதுதான். பார்க்க வேண்டியதுதான் நிறைய. அண்டர்வோல்டேஜ் ரிலே லோடுகளைக் கழற்றிப் பஸ்ஸைக் காலியாக்க வேண்டும். டீசல் செட் வழக்கமாக 10, 15 நொடிக்குள் வேகமும் வோல்டேஜும் பிடித்துப் பிரேக்கரை மூட வேண்டும். பிறகு லோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டும்: ஃபீட் பம்ப், கிரேட் ஹைட்ராலிக், குறைந்த வேகத்தில் ஐடி விசிறி, கருவிக் காற்றுக் கம்ப்ரஸர், புகையைக் குளிர்விக்கும் அவசரத் தண்ணீர். இந்த இடைவெளியில் டிசிஎஸ் திரை ஒரு கணம்கூட மங்கக் கூடாது, டர்பைனின் டிசி ஆயில் பம்ப் தானாக ஓடியிருக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் மாட்டுகிறவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். டீசல் செட்டின் எரிபொருள் பம்பும் அந்த அறையின் காற்றுத் திறப்பும் சாதாரண பஸ்ஸிலிருந்து எடுத்திருப்பார்கள். செட் ஓடும், கொஞ்ச நேரத்தில் டே டேங்க் (செட்டுக்குப் பக்கத்து எரிபொருள் தொட்டி) வற்றிவிடும் அல்லது அறை சூடாகிவிடும். இதனால்தான் டீசலைப் பத்து நிமிடத்தில் நிறுத்தாமல் நீண்ட நேரம் ஓட்டச் சொல்கிறேன். விஎஃப்டி அண்டர்வோல்டேஜ் பழுதில் பூட்டிக்கொண்டு, யாராவது போய் ரீசெட் அழுத்தும் வரை நிற்கும். அவசர பம்ப் "லோக்கல்" சுவிட்சில் கிடக்கும். குளிர்விக்கும் தண்ணீரின் சோலனாய்டு வால்வு யுபிஎஸ்ஸில் இல்லாமல் விட்டுப்போயிருக்கும். இந்தக் கடைசி ஒன்று செலவு மிக்கது. வடிகட்டியின் பிடிஎஃப்இ பைகள் தொடர்ச்சியாகச் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் வடிகட்டி மொத்தமும் போய்விடும்.

மின்சாரம் திரும்பி வரும் பாதியையும் சோதிக்க வேண்டும். கிரிட் வந்ததும் டீசல் பஸ் எப்படி மாறுகிறது, சின்க்ரனைஸ் ஆகியா அல்லது ஒரு கணம் இருட்டாகியா? இருட்டாகி மாறும் அமைப்பென்றால் இரண்டாவது முறையும் எல்லா மோட்டாரும் விழும். அதற்குக் கொதிகலன் குழுவின் சம்மதம் முன்பே வேண்டும்.

குப்பை போடும் இன்டர்லாக்கில் (நிபந்தனைப் பூட்டில்) மின் குழுவுக்கு என்ன வேலை?

உலையில் புகை 850 டிகிரி செல்சியஸில் குறைந்தது இரண்டு நொடி இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010/75 உத்தரவில் உள்ள நிபந்தனை. வேறு பல இடங்களிலும் இதே போன்ற விதி இருக்கிறது. தொடக்கத்தில் அந்தச் சூடு வரும் வரை குப்பை ஊட்டும் ராம் (குப்பையைத் தள்ளும் கை) நகரக் கூடாது, ஓடும்போது சூடு இறங்கினால் துணைப் பர்னர் தானாக எரிய வேண்டும். தெர்மோகப்பிள் (வெப்ப உணரி) முனையிலேயே சிக்னலை மாற்றி, ராமும் பர்னரும் அதற்கேற்ப நடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டிசிஎஸ் திரையில் எண்ணை மாற்றிப் பார்த்தால் அது பாதிச் சோதனைதான்.

புகைபோக்கியில் உமிழ்வை அளக்கும் கருவியின் மின்சப்ளையை மறக்காதீர்கள். அனலைசர் யுபிஎஸ்ஸில் இருக்கும். ஆனால் சாம்பிள் குழாயைச் சூடாக வைக்கும் ஹீட்டர் அதிகச் சக்தி இழுக்கும் என்று சாதாரண பஸ்ஸில் விட்டிருப்பார்கள். மின்சாரம் போய் வந்தால் குழாய் மறுபடி சூடாகும் வரை அளவீடு கிடையாது. அதே ஐரோப்பிய உத்தரவில் வரம்பு மீறியபடி குப்பையைத் தொடர்ந்து எரிக்க ஒரு தடவைக்கு 4 மணி நேரம், வருடத்துக்கு மொத்தம் 60 மணி நேரம்தான் இடம். அளவீடே இல்லாத நேரத்தில் வரம்புக்குள் இருந்தோம் என்று காட்ட வழியில்லை.

பேனல் அறையில் தாமிரம் கறுக்கிறது. ஏன்?

குப்பைக் குழியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. தாமிரத்தையும் வெள்ளி பூசிய கான்டாக்ட்டையும் எலக்ட்ரானிக் கார்டையும் அது அரிக்கும். அறையில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், உள்ளே வரும் காற்று ரசாயன வடிகட்டி வழியாக வர வேண்டும். ஒரு தாமிரத் துண்டை அறையில் ஒரு மாதம் வைத்து அளக்கும் முறை இருக்கிறது. ஐஎஸ்ஏ 71.04 தரத்தில் படலம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழ் இருந்தால் ஜி1, அதாவது மென்மையான சூழல். பேனல் வந்த நாளிலிருந்தே இந்தக் காற்றை ஊட்டும் ஏசி (குளிர்சாதனம்) ஓட வேண்டும். கட்டடம் முழுமையாக முடியட்டும் என்று காத்திருந்தால் கார்டுகள் வாரண்டி தொடங்கும் முன்பே பாதி வாழ்க்கையை முடித்திருக்கும்.

அமோனியா, கார்பன் தூள் இருக்கும் இடங்களில்?

ஆக்டிவேட்டட் கார்பன் சைலோவில் தூள் வெடிப்பு அபாயம், அமோனியா இறக்கும் இடத்தில் வாயு. ஆபத்து மண்டல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளாண்டும் லைட் ஃபிட்டிங்கும் அந்த மண்டலத்துக்கு உரியதா என்று நேரில் பார்க்க வேண்டும். குறுக்குவழி இல்லை.

முதல் சின்க்ரனைசிங்கை எப்படி நம்புவது?

சின்க்ரோஸ்கோப் (இரு பக்க மின்சாரமும் ஒத்துப்போகிறதா என்று காட்டும் முள் கருவி) காட்டுவதை நம்புவதற்கு முன், அதற்கு வோல்டேஜ் கொடுக்கும் இரண்டு பிடிகளையும் (பொட்டன்ஷியல் டிரான்ஸ்பார்மர்களையும்) சோதிக்க வேண்டும். ஜெனரேட்டர் டெர்மினல் லிங்க்கைக் கழற்றி, பிரேக்கரை மூடி, கிரிட் மின்சாரத்தை இரண்டு பக்கப் பிடிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் முள் பன்னிரண்டு மணியில் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஏதோ ஒரு பிடியின் வயர் மாறியிருக்கிறது. டிரான்ஸ்பார்மரைத் தாண்டி ஹெச்டி பக்கப் பிரேக்கரில் சின்க்ரனைஸ் செய்கிற அமைப்பில் வெக்டர் குரூப்பால் (சுருள்களின் இணைப்பு முறையால்) வரும் 30 டிகிரியை யாராவது கணக்கில் எடுத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

லிங்க்கை மாட்டி, டர்பைனை ஓட்டி, எக்ஸைடேஷன் (காந்தப்புலம் உண்டாக்கும் மின்சாரம்) கொடுத்த பிறகு கட்ட வரிசையை மறுபடி பார்க்க வேண்டும். அடுத்து பிரேக்கரை டெஸ்ட் நிலையில் வைத்து, ஆட்டோ சின்க்ரனைசர் எந்த இடத்தில் மூடச் சொல்கிறது என்று சில தடவை பார்க்கலாம். ஐஇஇஇ சி50.13 சொல்லும் வரம்பு: கோணம் 10 டிகிரிக்குள், ஜெனரேட்டர் வோல்டேஜ் 0 முதல் 5 சதவீதம் வரை கூடுதல், அதிர்வெண் வித்தியாசம் 0.067 ஹெர்ட்ஸுக்குள். இந்த அளவிலான டர்பைன்கள் பெரும்பாலும் அதிவேகமாகச் சுற்றி, கியர்பாக்ஸ் வழியாக 1,500 சுற்று ஜெனரேட்டரை ஓட்டும். கோணம் தவறி மூடினால் முதல் அடி கப்ளிங்குக்கும் கியர் பற்களுக்கும்தான்.

டர்பைன் டிரிப் ஆனால் எரிப்பை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம், அதற்குத்தான் பைபாஸ். நீராவி முழுவதும் டர்பைனைச் சுற்றி நேராகக் கண்டன்சருக்குப் போகும்படி பெரும்பாலான ஆலைகளை அமைத்திருப்பார்கள். குப்பை தொடர்ந்து எரியும், மின்சாரம் கிரிட்டிலிருந்து வரும்.

சிக்கல் கிரிட் போகும்போது. ஜெனரேட்டர் தன் ஆலை லோடை மட்டும் தாங்கிக்கொண்டு தீவு மாதிரி ஓட வேண்டும். ஒரே நொடியில் லோடு பத்தில் ஒன்றாகக் குறையும், வேகம் எகிறும், கவர்னர் அதைச் சுமார் 110 சதவீத ஓவர்ஸ்பீட் டிரிப்புக்குள் பிடித்துவிட வேண்டும். அதே நேரம் மீதி நீராவி எல்லாம் காற்றுக் கண்டன்சருக்குப் போவதால் அங்கே விசிறிகள் வேகமெடுக்க வேண்டும். அந்த விசிறிகளும் இதே தீவில்தான் தொங்குகின்றன. வோல்டேஜ் ஆட்டத்தில் நான்கு டிரைவ் டிரிப் ஆனால் வெற்றிடம் கெட்டு டர்பைனும் டிரிப் ஆகும். அதனால் லோடைத் திடீரென உதறிப் பார்க்கும் லோடு ரிஜெக்‌ஷனைக் கால், அரை, முழு லோடு என்று ஏற்றிச் சோதிக்கும்போது விசிறி டிரைவ்களின் பழுதுப் பதிவையும் சேர்த்தே எடுங்கள்.

விசிறி டிரைவ்கள் இத்தனை ஒரே பஸ்ஸில் இருப்பதால் ஹார்மோனிக்கையும் அப்போதே அளந்துவிடலாம். தீவில் ஓடும்போது கிரிட்டின் தாங்கு இல்லாததால் அளவு கூடும்.

யாருடைய பேனல், யார் சுவிட்ச் போடுவது?

முதல் சார்ஜிங்குக்கு முந்தைய நாள் வரை பேனல் எரெக்‌ஷன் குழுவுடையது, அடுத்த நாள் கமிஷனிங் குழுவுடையது. இந்த எல்லையை எழுத்தில் போட்டு, கதவில் ஒட்டி, பூட்டுச் சாவியை மாற்றிக்கொள்ள வேண்டும். பெர்மிட், லாக் அவுட், தற்காலிக எர்த் எல்லாம் அந்த நிமிடத்திலிருந்து. நேற்று வரை உயிரில்லாத பஸ்பாரில் சாய்ந்து சாப்பிட்டவருக்கு இன்று அது உயிரோடு இருப்பது தெரியாது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

ஒப்படைக்கும்போது எதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

டெஸ்ட் ரிப்போர்ட்டும் சிவப்புப் பேனாவால் திருத்திய வரைபடமும் எல்லோரும் கேட்பார்கள். அவற்றோடு ஒவ்வொரு ரிலேவிலிருந்தும் டிரைவிலிருந்தும் கடைசி நாளில் இறக்கிய செட்டிங் ஃபைல், அவற்றின் பாஸ்வேர்டு, அதைத் திறக்கும் சாஃப்ட்வேரின் பதிப்பு. அங்கீகரித்த செட்டிங் அட்டவணையோடு அந்த ஃபைலை வரி வரியாக ஒப்பிடுங்கள். சோதனைக்காகக் குறைத்த டைம் டிலே ஒன்றிரண்டு அப்படியே தங்கியிருக்கும்.

டிசிஎஸ்ஸில் ஃபோர்ஸ் செய்த (கையால் மாற்றி வைத்த) சிக்னல்களின் பட்டியலும் வேண்டும். கமிஷனிங்கின்போது எதையாவது ஓட வைக்க இன்டர்லாக்கை ஃபோர்ஸ் செய்வது தவிர்க்க முடியாதது. யார், எப்போது, எதற்கு என்று பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் காலியாக இருக்கும் திரையை அச்செடுத்து, அதில் கையெழுத்து வாங்கிய பிறகு உரிமையாளர் தரப்பு தன் கையெழுத்தைப் போடலாம்.